கொடுத்தும் குறையாத செல்வம்



கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்று நம் முன்னோர் கூறுவர். அத்தகைய செல்வம் ஒன்று நம் உடம்பினுள்ளும் உண்டு. என்புகளின் உள்ளே நெகிழ்ந்த பொருளாய் அமைந்திருக்கும் என்பு மச்சையே அது. குருதியின் செங்குழியங்களும் வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் நாடோறும் பிறக்கும் ஊற்று அதுவாகும். குருதிப் புற்றுநோய், தலசீமியா முதலிய நோய்கள் அவ்வூற்றைக் கெடுத்தவிடத்து, நலமுள்ள ஒருவரின் மச்சையை ஏற்றி நோயாளரைப் பிழைக்க வைக்கும் வழியை மருத்துவர் கண்டுள்ளனர்.

1958ஆம் ஆண்டில் யூகோசிலாவியாவின் விஞ்சா அணு ஆய்வு நிலையத்தில் விபத்தொன்று நேர்ந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான அறுவர் பாரிசு நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் ஐவருக்கு, பிரெஞ்சு மக்கள் சிலர் மனமுவந்து அளித்த மச்சையை வைத்தியர் ஜோர்ஜ் மாத்தே ஏற்றினார். ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தனர். ஏற்றிய மச்சை அவர்கள் உடம்பில் நிலைத்து நிற்கவில்லையாயினும், முன்பின் அறியாத ஒருவருக்காகத் தம் என்பினுள் ஊசியை ஏற்க மனிதர் முன்வருவர் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

அம்மச்சை ஏன் நிலைக்கவில்லை? இழையப் பொருத்தம் இன்மை அதற்கு ஒரு காரணம். குருதி வகை ஒத்தால் மட்டும் போதாது. தாய்தந்தையரிடமிருந்து வழிவழி வரும் இழைய அடையாளங்களே ஒத்திருத்தல் வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. எஞ்சியோருள் பலர் அந்நியரை எதிர்நோக்கியிருக்கின்றனர்.

இலண்டனில் அன்ரனி நோலன் என்னும் சிறுவனுக்கு இத்தகைய கொடையாளரைத் தேடி, அவன் அன்னை ஷேர்லி நோலன் 1974இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தமான ஒருவரும் கிட்டாமலே 1979இல் அச்சிறுவன் இறந்தான். ஆயின் அவ்வன்னை தொடங்கிய பணி பிற பிள்ளைகளுக்காக நிலைபெற்றது. இன்று உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஐரோப்பிய வழியினரே மிகுதி. பொருத்தமோ பெரும்பாலும் ஒரே வழித்தோன்றலாரிடையே கிடைப்பது. ஆகவே, தமிழ்ப் பிள்ளை ஒன்று நோயுற்றால் அதற்கேற்ற பெயரைத் தேடுதல் அரிதாகின்றது. சென்னையில் 2009இல் 'தாத்ரி' என்னும் பதிவேடு தோன்றியது இக்குறையை நீக்கும் முயற்சியேயாம். கடல்கடந்து இலண்டனிலும் கனடாவிலும் வாழும் நம் பிள்ளைகளும் அவ்வந்நாட்டுப் பதிவேடுகளிற் சேர்தல் தகும்.

பதிவு செய்தல் எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றிக் கொடுத்தால் போதும். அழைப்பு வரின் மச்சையை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. நான்கைந்து நாள் ஊசி மருந்து ஏற்றி, மச்சையின் மூலக்கலங்களைக் குருதியிற் பெருகச் செய்து, பொறியினாற் பிரித்தெடுப்பது ஒன்று. மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் எடுப்பது மற்றொன்று. முள்ளந்தண்டினுள் ஊசி செலுத்துவர் என்னும் அச்சம் வீண். சில நாள் நோவும் களைப்பும் இருக்கலாம். எடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

அரிய செயல் இதுவன்று; சொன்ன சொல்லைக் காத்தலே அரிய செயல். பதிந்து பல ஆண்டுகள் கழிந்தபின் அழைப்பு வரலாம். மனம் மாறினால் விலகும் உரிமை எவர்க்கும் உண்டு. எனினும் அதனைக் காலத்தோடு சொல்லிவிடுதல் வேண்டும். ஏனெனில், புதிய மச்சையை ஏற்குமுன் நோயாளரின் பழைய மச்சையைக் கடுமருந்துகளால் அழித்துவிடுவர். அந்நிலையிற் கொடையாளர் பின்வாங்கின், நோயாளர்க்கு மீளும் வழி அடைபட்டுவிடும். ஆதலின், ஒரு கணத்தின் இரக்கத்தினாற் கையொப்பமிடாது, ஆய்ந்து தெளிந்து, வீட்டாரோடும் பேசி, இளமையிலேயே உறுதியுடன் பதிவோமாக. முகமறியாத ஒருவர் நம் சொல்லை நம்பித் தம் உயிரை ஒப்படைக்கின்றார். அந்நம்பிக்கைக்கு உரியவராய் நாம் வாழ்வோமாக.