பொன்னாடை வேண்டாம், ஒத்திகைக்குக் காசு கொடுங்கள்

(கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்த மக்கள் சந்திப்பில் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலருக்கு இது ஓவர்டைம் நாள். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேசப்போவதும் அந்த ஓவர்டைமைப் பற்றித்தான்.

வழக்கமாக நான் வந்தால் பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, தடுப்புக் காவல் மரணம் என்று பேசுவேன். இந்த முறை கலைஞர்களுக்கான மானியம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர் ஒருவர், "லாயர், வயித்துக்கே வழியில்லாதவனுக்குக் கலை எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2019ல் என் அலுவலகத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் ஓர் அக்கா, இரண்டு பாதுகாவலர்கள், உறுமி அடிக்கும் ஒரு பையன், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். எல்லாரும் ஒரே தோட்டத்து ஆட்கள். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பெரியவர் இளமையில் மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்தாடியவர். அவருக்குத் தெரிந்த பழைய மெட்டுகளில் ஒரு புதுக் கூத்து கட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தோட்டம் கைமாறிய கதை, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த நாள், கோயிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நடந்த சண்டை, எல்லாம் அதில் வரும். புதிய படைப்புகளுக்கு ஓர் அமைப்பு மானியம் தருகிறதாம், பாரத்தை நிரப்பிக் கொடுங்கள் என்றார்கள்.

செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தோம். மண்டப வாடகை, வேன், உறுமிக்குத் தோல், உடுப்பு. அப்போது அக்கா கேட்டார்: "சார், நாலு மாசம் ஞாயித்துக்கிழமை ஒத்திகைன்னா இந்தப் பிள்ளைங்களுக்கு ஓவர்டைம் போயிடுமே. அதை எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அப்படி ஒரு கட்டம் பாரத்தில் இல்லை. 'இதர செலவு' என்ற இடத்தில் எழுதினோம். மொத்தம் 12,000 வெள்ளி வந்தது.

மூன்று மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. பதிவு பெற்ற சங்கம் இல்லை. நாடகத்தின் மலாய் மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை. பங்கேற்பாளரின் சம்பள இழப்பு மானியத்தில் அடங்காது. நான் என்ன செய்தேன்? "முதலில் சங்கத்தைப் பதிவோம், அடுத்த வருடம் பார்ப்போம்" என்றேன். வக்கீல் புத்தி! பதிவு கைக்கு வருவதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார். அவரிடம் இருந்த மெட்டுகளில் பாதி யாருக்கும் தெரியாது. அன்று என் அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாடினாரே, அதைக் கைப்பேசியில்கூட நான் பதிவு செய்யவில்லை. கடிதம் போட்டவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏற்பாட்டாளர் கேட்ட கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. வசதியானவன் வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதலாம், ஆறு மாதம் நாடகம் பழகலாம். அவனுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் நேரமோ மணிக்கு இத்தனை வெள்ளி என்று ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. அந்த நேரத்தில் கொஞ்சத்தை மீட்டுக் கொடுப்பதுதான் மானியம். அது இல்லாவிட்டால் நம் கதையை நம்மைத் தவிர எல்லாரும் சொல்வார்கள்.

நம் சமூகத்திலும் கலைக்குப் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது வருகிற நேரத்தைப் பாருங்கள். எழுத்தாளர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் புத்தகம் அச்சடிக்கிறார். பிறகு வெளியீட்டு விழா. டத்தோ வந்து முதல் நூல் வாங்குகிறார், மற்றவர்கள் உறையில் வைத்துக் கொடுக்கிறார்கள், சங்கிலி திரும்புகிறது. இதுதான் நமக்கு நாமே நடத்திக்கொள்ளும் மானியத் திட்டம்! இதைக் கேலி செய்யவில்லை. இந்த நாட்டில் தமிழ் இலக்கியம் உயிரோடு இருப்பதில் அந்த உறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எல்லாம் வேலை முடிந்த பிறகு வருகிற பணம். சிலருக்குப் பொன்னாடையும் பொற்கிழியும் படுக்கையில் விழுந்த பிறகுதான் வருகின்றன. தொடங்கும்போது கொடுக்க ஆளில்லை. தமிழ்நாட்டுப் பாடகரின் நட்சத்திர இரவு நுழைவுச்சீட்டுக்கு மட்டும் நம்மிடம் காசு இருக்கிறது, அது வேறு கதை.

இனி அரசாங்கத்துக்கு வருவோம். 1971ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. இந்த வட்டாரத்துப் பூர்வீக மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடிப்படை, மற்றவர் பண்பாட்டில் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் அதில் முக்கிய அங்கம் என்று மூன்று கோட்பாடுகள் வந்தன. 'பொருத்தமான' என்று யார் முடிவு செய்வது? 1984ல் இந்திய அமைப்புகள் கூடி இதைக் குறித்துப் பண்பாட்டு அமைச்சுக்கு மகஜர் கொடுத்தன. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருது மலாய்மொழி எழுத்துக்கு மட்டுமே. தமிழில் நாற்பது வருடம் எழுதியவருக்கு அந்த வாசலே கிடையாது.

வாசல் திறக்கவே திறக்காது என்று நான் சொல்லவில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படம் 2015ல் வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களின் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் அதை மலாய்மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன, அந்த ஆண்டின் சிறந்த படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. கத்தினால்தான் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 152ஆவது பிரிவு மலாய்மொழியே தேசிய மொழி என்கிறது, அதில் நமக்கு மறுப்பில்லை. அதே பிரிவு, மற்றச் சமூகங்களின் மொழியைப் பாதுகாக்கவும் நிலைபெறச் செய்யவும் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ள உரிமையை அந்த விதி பாதிக்காது என்றும் சொல்கிறது. ஆக, தமிழ்க் கூத்துக்குப் பணம் கொடுக்க முடியாதபடி சட்டம் தடுக்கிறது என்று ஓர் அதிகாரி சொன்னால் அது சட்டமல்ல, அவருடைய வசதி. 2017ல் கலைத்துறைக்கென்றே செண்டானா என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. நகரத்து ஓவியர்களும் இசைக்குழுக்களும் அங்கே விண்ணப்பிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் பாரத்தைத் தொட்டிருக்கிறோம்?

சில காரியங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். சங்கம் பதிய ஏழு பேர் போதும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே மானிய அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள். அடுத்து, பணம் கிடைத்தால் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்வித்தவருக்கே போய்விடும். உங்கள் பாட்டியின் கதையை எழுதிவிட்டு அதை நீங்களே மேடையேற்ற இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்காதீர்கள். 'உரிமை படைப்பாளிக்கே' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை.

மூன்றாவது, அந்த ஓவர்டைம் கணக்கு. மறுத்தாலும் எழுதுங்கள். ஐம்பது விண்ணப்பங்களில் அந்த வரி இருந்தால் ஐம்பத்தோராவது பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த எட்டுப் பேரில் மிச்சம் ஏழு பேர். சங்கம் பதிவாகிவிட்டது. நினைவில் இருக்கும் மெட்டுகளை வைத்துக் கூத்தில் முக்கால் பங்கு எழுதியிருக்கிறார்கள். அக்கா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். உங்கள் வீட்டில் தோட்டத்துப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருந்தால் போவதற்கு முன் அவரிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த முறை ஒலிப்பதிவுக் கருவியோடு நானே வருகிறேன். விண்ணப்பப் பாரங்கள் பின்னால் உள்ள மேசையில் இருக்கின்றன, தமிழில் விளக்கம் எழுதி இணைத்திருக்கிறோம்.