தெரிந்த பாட்டும் புதிய நாடகமும்

(சங்க ஆண்டு விழாவில் நாடகப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

அடுத்த ஆண்டு என்ன நாடகம் போடுவது என்னும் கேள்வி இம்முறை வழக்கத்துக்கு முன்னதாகவே எழுந்துவிட்டது. நம் காலனி இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி வந்து, "ராக்" இசைப் பாடல்களாலான "வீ வில் ராக் யூ" என்னும் ஆங்கில நாடகத்தை நம் மேடையில் ஆட இடம் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். தமிழ்ச் சங்க மேடையில் கிதார் அலறலா என்று ஒருவர் கேட்டார். பாட்டுகளை வரிசையாகக் கோத்துவிட்டால் அது நாடகமாகிவிடுமா என்று மற்றொருவர் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் விடை கூற வேண்டியது எங்கள் கடமை. ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறோம். சென்ற விழாவில் நாங்கள் ஆடிய சமூக நாடகத்தில் வேடமேற்றவர்களுள் மிக இளையவருக்கே முப்பது வயது கடந்திருந்தது. அவருக்குப் பின் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இவ்வகை நாடகத்துக்கு மேனாட்டார் இட்ட பெயர் "ஜூக்பாக்ஸ் மியூசிகல்". ஜூக்பாக்ஸ் என்பது காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய இசைத்தட்டைப் பாடும் பெட்டி. பம்பாயின் இரானி ஓட்டல்கள் சிலவற்றிலும் ஒரு காலத்தில் இருந்தது. இங்குள்ள பெரியோர் சிலர் காசு போட்டுக் கேட்டும் இருப்பார்கள். பொதுவாக இசை நாடகத்தில் கதை முதலில் அமையும், கதைக்கேற்பப் பாட்டு எழுதப்படும். இதிலோ பாட்டுகள் முன்பே ஊரறிந்தவை; அவற்றுக்கு இடம் கொடுக்கும் வகையில் கதை பின்னர் புனையப்படும். பொத்தான்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்கேற்பச் சட்டை தைப்பது போன்ற வேலை. சட்டை எப்போதும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஸ்வீடன் நாட்டு ஆபா குழுவின் பாடல்களைக் கொண்டு 1999இல் லண்டனில் அரங்கேறிய "மம்மா மியா" நன்றாகப் பொருந்தியது. அதன் வெற்றிக்குப் பிறகே இவ்வகை நாடகங்கள் பெருகின.

ஆயினும் முறை பழையது. 1728இல் ஜான் கே என்பவர் லண்டனில் "பிச்சைக்காரர் ஆப்பரா" என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதிலுள்ள 69 பாட்டுகளுள் பெரும்பாலானவை தெருவில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டுகளில் அமைந்தவை. நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையும் இதற்கு அயலன்று. பார்சி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்து விட்டுச்சென்ற ஹிந்துஸ்தானி மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பெய்து நம்மவர் பாடினர். "பார்சி மெட்டு" என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அவையோர் முன்பே அறிந்த மெட்டு என்பது அன்று குறையாகக் கருதப்படவில்லை. அதற்காகவே கூட்டம் கூடியது.

பார்சி என்றதும் நமக்கு அண்மையிலுள்ள ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் கேட்ட நாடகத்தின் பாட்டுகள் "குவீன்" என்னும் ஆங்கிலக் குழுவினுடையவை. 1970இல் லண்டனில் தோன்றிய அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி. அவர் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946இல் சான்சிபார் தீவில் பிறந்த பார்சி அவர். தந்தையார் அங்கே ஆங்கில அரசின் அலுவலகத்தில் காசாளர். நம்மில் பலரைப் போல மாதச் சம்பளக்காரர். பல்சார் என்பது நம் ரயில்வேக்காரர்கள் நன்கறிந்த பழைய நிலையப் பெயர்; இன்று வல்சாட் என்கிறோம். குடும்பப் பெயர் அவ்வூரிலிருந்து வந்தது. சிறுவன் ஃபரோக் படித்தது எங்கே? நாம் வாழும் இப்புனேயிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் விடுதியில். பியானோ பயின்றதும், தோழர்களுடன் "ஹெக்டிக்ஸ்" என்று ஓர் இசைக்குழு வைத்துக்கொண்டு பள்ளி விழாக்களில் வாசித்ததும் அங்கேதான். ஆக, பிள்ளைகள் கேட்பது முற்றிலும் கடல் கடந்த சரக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பாதி நம் மலைத்தொடரில் விளைந்தது.

இனி, நாடகத்தின் கதை. "வீ வில் ராக் யூ" 2002 மே மாதம் லண்டன் டொமினியன் அரங்கில் தொடங்கியது. கதை வசனம் பென் எல்ட்டன். வருங்காலத்தில் உலகம் முழுவதும் ஒரே வணிக நிறுவனத்தின் கையில் சிக்கிவிடுகிறது. வாத்தியங்களுக்குத் தடை. கணிப்பொறி உண்டாக்கிய ஒரே மாதிரிப் பாட்டை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். அந்நிலையில் கலிலியோ என்ற இளைஞனும் ஸ்காரமூஷ் என்ற பெண்ணும், பழைய பாட்டுகளின் துணுக்குகளை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஒரு கலகக் கூட்டத்துடன் சேர்ந்து, எங்கோ மறைந்துகிடக்கும் ஒரு கிதாரைத் தேடிச் செல்கிறார்கள். லண்டன் விமரிசகர் பலர் இதைக் கடுமையாகத் தாக்கினர். கதை மெலிந்தது என்பதே எங்கள் கருத்தும். கேலிப் பேச்சுகளில் பாதி நமக்கு விளங்கவும் விளங்கா. எனினும் நாடகம் 2014 வரை, 12 ஆண்டுகள் அதே அரங்கில் நடந்தது. அதன்பின் பல நாடுகளில் பள்ளிகளும் அமெச்சூர் சபாக்களும் உரிமை பெற்று ஆடி வருகின்றன.

அமெச்சூர் சபாக்கள் இதை ஏன் நாடுகின்றன என்பதே எங்களைச் சிந்திக்க வைத்தது. இசைத்தட்டிலுள்ள குரலோடு யாரால் போட்டியிட முடியும்? மெர்க்குரியைப் போலப் பாட ஒரு சிற்றூர்ச் சபாவில் ஆள் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. குவீன் குழுவினர் 1975இல் வெளியிட்ட "பொஹீமியன் ராப்சடி" என்ற பாட்டு ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைவானது. அதன் நடுவே ஆப்பரா போன்ற ஒரு பகுதி வருகிறது. பெருங்கூட்டம் பாடுவதுபோல் ஒலிக்கும் அப்பகுதியைப் பாடியவர்கள் மூவரே. ஒலிப்பதிவு நாடாவின்மேல் மீண்டும் மீண்டும் பாடி, குரல்மேல் குரலாக அடுக்கினார்கள். விளைவு என்னவென்றால், பாட்டை ஆக்கியவர்களாலேயே அதை மேடையில் முழுமையாகப் பாட இயலவில்லை! கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் அவர்கள் மேடையை விட்டு விலகிக்கொள்வார்கள், பதிவுநாடா ஒலிக்கும். நாற்பது பேர் கொண்ட ஒரு சபாவோ அப்பகுதியை நேருக்கு நேர் நின்று பாட முடியும். ஆசிரியை, அஞ்சல்காரர், கடைக்காரர், செவிலி, மாணவன் என்று நாற்பது சாதாரணக் குரல்கள் சேரும்போது மூன்று மேதைகளால் மேடையில் ஆகாதது ஆகிறது. அமெச்சூர்க்காரனுக்கு உள்ள பலம் ஆட்பலம். அந்தப் பலத்துக்கென்றே அமைந்தது போன்றது இந்நாடகம்.

நாடகத்துக்குப் பெயர் தந்த பாட்டையும் பாருங்கள். 1977இல் ஸ்டாஃபர்ட் நகர்க் கச்சேரி முடிந்து குழுவினர் மேடை நீங்கிய பிறகும் கூட்டம் கலையாமல் தானாகவே ஒரு பாட்டைப் பாடிற்று. அதைக் கேட்ட கிதார்க் கலைஞர் பிரையன் மே, நெருக்கியடித்து நிற்கும் ஜனங்களால் என்ன செய்ய முடியும் என்று எண்ணினார். காலால் தட்டலாம், கைகொட்டலாம், பாடலாம். இருமுறை காலால் தட்டல், ஒருமுறை கைகொட்டல். ஏறக்குறைய அவ்வளவே அப்பாட்டின் தாளம். கிதார் கடைசியில்தான் வருகிறது. கிதார் அலறல் பற்றிக் கவலையுற்ற பெரியவர் இதைக் கேட்டால் நம் கும்மியையும் கோலாட்டத்தையும் நினைப்பார் என்பது எங்கள் நம்பிக்கை.

இங்கிலாந்தில் அமெச்சூர் சபாக்களுக்கென ஒரு தேசிய அமைப்பே 1899 முதல் இருக்கிறது. பல சபாக்கள் கில்பர்ட், சல்லிவன் ஆகியோரின் இசை நாடகங்களைப் பாடுவதற்கென்றே பிறந்தவை. நம் வரலாறு இதற்கு நேர்மாறானது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, பாட்டு மழையைக் குறைத்து வசனத்துக்கு மதிப்பளித்தார். படித்தவர்கள் வேடமிடுவது இழிவன்று என்றும் நிலைநாட்டினார். நம் பெரியோர் "பாட்டைக் கோத்தால் நாடகமா?" என்று கேட்பது அப்பெருமகனார் வழிவந்த கேள்வி. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அவர் காலத்துச் சென்னை அவையோர் அனைவர்க்கும் தமிழ் வசனம் விளங்கிற்று. நம் காலனியிலோ, வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும் என்று வளரும் பிள்ளைகள் மூன்று பக்க வசனத்தைப் படிக்கத் திணறுகிறார்கள். அதே பிள்ளைகள் முப்பது தமிழ்ப் பாட்டுகளை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள். வசனத்தால் அடைய முடியாதவர்களிடம் பாட்டின் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது.

எனவே நாங்கள் முன்வைப்பது இது. குவீன் நாடகத்தை அப்படியே ஆட வேண்டாம். அயல்நாட்டு உரிமையாளரிடம் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். சொல்லையோ பாட்டையோ நம் விருப்பப்படி மாற்றவும் கூடாது. தமிழாக்குவதற்குத் தனியே ஒப்புதல் வேண்டும். நம் நிதிநிலை பொருளாளருக்குத் தெரியும், அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலனிக் குடும்பங்கள் அறிந்த தமிழ்ப் பாட்டுகள், பழையதும் புதியதுமாக, இருபதைத் தேர்ந்து அவற்றுக்கிடையே ஒரு கதையை இளைஞர்களே எழுதட்டும். தமிழ் எழுத்தில் பிழை வந்தால் திருத்திக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். கிதாரும் மேளமும் இருக்கட்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, அமெச்சூர் குழு ஒன்று கட்டணம் செலுத்தாத அவையோர் முன்னிலையில் நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தினால் அது உரிமை மீறலாகாது. ஆகையால் நுழைவுச் சீட்டு விற்கும் எண்ணத்தை இம்முறை கைவிட வேண்டும். சீட்டு விற்பதாயின் பாட்டுரிமைக்கு முன்கூட்டியே அனுமதி பெறுவது கட்டாயம். மேலும், அவ்விலக்கு நாம் பாடுவதற்கும் வாசிப்பதற்கும் உரியது. இசைத்தட்டையோ ஒலித்தடத்தையோ ஓடவிட்டு அதன்மேல் பாடுவது வேறு செய்தி. அதற்குரிய உரிமை தனி. ஆதலால் வாத்தியம் வாசிக்க ஆட்கள் வேண்டும். ஆர்மோனியம், தபலா, கீபோர்டு, எது தெரிந்தாலும் பெயர் கொடுங்கள். மகளிர் பிரிவினரின் திருப்புகழ்க் கோஷ்டி முழுவதுமாக வந்தால் நாற்பது குரல் சேர்ந்துவிடும்.

ஒத்திகை பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் சனி, ஞாயிறு மாலைகளில் நடைபெறும். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. நாங்கள் ஒன்பதரைக்கே நிறுத்திவிடுவோம். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் அன்பர்கள் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிவித்தால் மேளத்தை அப்பக்கமிருந்து தள்ளி வைப்போம்.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். மண்டபத்து மேடையின் இடப்புறப் பலகைகள் மூன்று ஆடுகின்றன. வசன நாடகத்தில் அவற்றைச் சுற்றி நடந்து சமாளித்தோம். நாற்பது பேர் ஏறி நின்று காலால் தாளம் போட்டால் அவை தாங்கா. பலகைகளை மாற்றுவதற்கான செலவை அடுத்த கூட்டத்திலேயே அனுமதித்து உதவ வேண்டுகிறோம்.