மூன்றே வாரத்தில் மூடிய கணக்கு

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் 'எனக்குப் பிடித்த ஒரு படம்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் 'பாசமலர்', 'தில்லானா மோகனாம்பாள்' என்று எல்லோருக்கும் தெரிந்த படங்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார்கள். நான் சொல்லப்போகும் படத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். 1983-இல் வந்த அமெரிக்கப் படம். பெயர் 'எடி அண்ட் த குரூஸர்ஸ்'. இயக்குநர் மார்ட்டின் டேவிட்சன். ஒரு ராக் இசைக்குழுவின் கதை. குழுவும் கற்பனை, கதையும் கற்பனை.

"ராக் இசைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று காபி குடிக்க எழுந்துவிடாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பேரேட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். எனக்கு இந்தப் படம் ஒரு கணக்கு விஷயமாகத்தான் தெரிகிறது. ஒரு மனிதனின் கணக்கை எப்போது முடித்து எழுதலாம், அதை யார் எழுதலாம் என்பதுதான் இதில் கேள்வி.

முதலில் கதை. முடிவையும் சொல்லித்தான் ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960-களின் தொடக்கம். நியூ ஜெர்சி கடற்கரை ஊர்களில் வாசிக்கும் ஒரு சின்னக் குழு குரூஸர்ஸ். பாடகன் எடி வில்சன். நடித்தவர் மைக்கேல் பரே. அங்கே வேலைக்கு வந்த ஃபிராங்க் என்ற படித்த பையனுக்குக் கவிதை தெரியும். எடி அவனைக் குழுவில் சேர்த்துப் பாட்டெழுத வைக்கிறான். முதல் ஆல்பம் வெற்றி. இரண்டாவதை, இதுவரை யாரும் செய்யாத மாதிரி செய்யவேண்டும் என்று எடி தலைகீழாக நிற்கிறான். 'எ சீசன் இன் ஹெல்' என்று அதற்குப் பெயர். இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் கேட்டுவிட்டு, இது விற்காது என்று திருப்பிவிடுகிறார். அன்றிரவே எடியின் கார் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் போகிறது. உடல் கிடைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் ஒலிப்பதிவு நாடாக்களையும் காணோம்.

பல வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிருபர் இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பிக்கிறார். அதற்குள் ஆளுக்கொரு பிழைப்பு. ஃபிராங்க் பள்ளிக்கூட வாத்தியார். டிரம்ஸ் வாசித்தவர் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறார். சால் என்பவர் மட்டும், எடி போலவே இருக்கும் ஒருவனைப் பிடித்துப் பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டிருக்கிறார். பழைய மேலாளர் டாக் ராபின்ஸின் கண் முழுவதும் அந்த நாடாக்கள் மேல். இப்போது அதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

நாடாக்களை எடுத்து வைத்தது யார்? எடியின் தோழி ஜோஆன். அவற்றை மறைத்து வைத்த இடம், ஓட்டை உடைசலால் கட்டிய ஒரு மாளிகை. இது மட்டும் கற்பனை இல்லை. பங்குச் சந்தைச் சரிவில் சொத்தை எல்லாம் இழந்ததாகச் சொல்லிக்கொண்ட ஜார்ஜ் டேனர் என்பவர், 1930-களில் நியூ ஜெர்சியின் வைன்லேண்ட் ஊரில் குப்பையையும் களிமண்ணையும் வைத்தே அப்படி ஒரு வீடு கட்டி, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். மற்றவர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதில் கட்டிய வீட்டுக்குள், நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு. பொருத்தமான இடம்தானே?

இனி, படத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அது கதையைவிடச் சுவாரசியம்.

1983 செப்டம்பரில் படம் வெளியானது. கூட்டம் இல்லை. மூன்றே வாரத்தில் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கு முடிந்தது. மறு வருடம் கோடையில் எச்.பி.ஓ. கேபிள் சேனலில் இதே படத்தைப் போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கடைக்குப் போய்ப் பாட்டுத் தட்டு கேட்டார்கள். 'ஆன் த டார்க் சைட்' என்ற பாட்டு 1984-இல் பில்போர்டு பட்டியலில் 7-ஆம் இடம் வரை ஏறியது. தட்டு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. உற்சாகத்தில் படத்தை மறுபடியும் திரையரங்கில் விட்டார்கள். மறுபடியும் ஓடவில்லை! வீட்டில் பார்த்தவர்களுக்குப் பிடித்த படம், கடைசி வரை வீட்டுப் படமாகவே இருந்துவிட்டது.

அந்தப் பாட்டுகளைப் பாடியது மைக்கேல் பரே இல்லை, அவர் வாயசைத்தார். குரல் ஜான் கேஃபர்ட்டியுடையது. டி.எம்.எஸ். குரலுக்குச் சிவாஜி வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கேஃபர்ட்டியின் பீவர் பிரவுன் பேண்ட், ரோட் ஐலண்ட் பக்கம் பத்து வருடமாக மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த குழு. இல்லாத ஒரு குழுவுக்குக் குரல் கொடுத்த பிறகுதான் அவர்கள் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. படத்தில் சாக்ஸபோன் வாசிக்கும் வெண்டலாக வருபவர் மட்டும், நிஜத்திலும் அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த மைக்கேல் அன்டூனஸ்.

குறையும் உண்டு. 1963-இல் யாரும் இப்படி ராக் வாசிக்கவில்லை, இது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாணி, காலத்துக்குப் பொருந்தவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். நியாயமான குறைதான். அதை ஒதுக்கிவிட்டும் பார்க்க முடிகிறது என்பது என் கட்சி.

இப்போது வங்கிக்கு வருகிறேன். செய்தித்தாளில் 'இத்தனை கோடி கடன் ரைட் ஆஃப்' என்று வந்ததும், தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பலர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டும் வேறு வேறு. தள்ளுபடி என்றால் வாங்கியவர் திருப்பித் தரவேண்டாம். ரைட் ஆஃப் என்றால், வராது என்று தெரிந்த கடனைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். வாங்கியவர் கடனாளியாகவே இருக்கிறார், வசூல் முயற்சியும் நடக்கும். பின்னால் பணம் வந்தால் இலாபக் கணக்கில் வரவு வைப்போம். பி.காம். படித்தவர்களுக்கு 'பேட் டெட்ஸ் ரெக்கவர்டு' ஞாபகம் இருக்கும். ஆகவே, புத்தகத்தில் அடித்துவிட்டதாலேயே ஒன்றின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. அந்த மூன்று வாரத்துக்குப் பின் இந்தப் படத்துக்கு நடந்தது அதுதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்ற காலண்டர் வாசகமாகப் போய்விடும். படம் அதற்கு மேலும் ஒரு படி போகிறது.

எடியின் ஆல்பத்துக்கு வைத்த பெயர், பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரிம்போவின் 1873-ஆம் வருடப் புத்தகத்தின் பெயர். ரிம்போ 1854-இல் பிறந்தவர். இருபத்தோரு வயது வாக்கில் கவிதை எழுதுவதையே விட்டுவிட்டார். பிறகு ஏடன் துறைமுகத்தில் காபி வியாபார நிறுவனத்தில் வேலை, ஆப்பிரிக்காவில் ஹரார் நகரில் வியாபாரம். 1891-இல், 37 வயதில் இறந்தார். உலகம் அவர் கவிதையைக் கொண்டாட ஆரம்பித்தபோது அவர் காபி மூட்டைகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தின் கடைசிக் காட்சி இதுதான். நாடாக்கள் வெளியே வந்துவிட்டன. ஒரு கடையின் கண்ணாடிக்குள் தொலைக்காட்சிப் பெட்டிகளில் எடியைப் பற்றிய நிகழ்ச்சி ஓடுகிறது. தெருவில் நின்று பார்த்த கூட்டம் கலைகிறது. தாடி வைத்த ஒருவர் மட்டும் நிற்கிறார். அவர்தான் எடி. லேசாகச் சிரித்துவிட்டு இருட்டில் நடந்து போய்விடுகிறார். யாரிடமும் "நான்தான்" என்று சொல்லவில்லை.

பாட்டு திரும்பி வந்தது, பாடியவர் வரவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பாட்டு கேட்பவர்களுக்குச் சேரவேண்டியது, சேர்ந்துவிட்டது. எஞ்சிய வாழ்க்கை அவருடையது.

இதை நம் குடியிருப்புக்குச் சொல்கிறேன். இத்தனை வீடுகளில், ஒரு காலத்தில் வயலின் வாசித்தவர், மேடை ஏறி ஆடியவர், நாடகம் எழுதியவர் என்று யாராவது இருப்பார்கள். என்ன காரணத்தாலோ விட்டிருப்பார்கள். நாம் அவர்களிடம் இரண்டில் ஒன்றுதான் செய்கிறோம். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று கணக்கை முடித்துவிடுகிறோம். இல்லாவிட்டால், "ஏன் மாமி விட்டுட்டீங்க? பொங்கல் விழாவில் பாடியே ஆகணும்" என்று துரத்துகிறோம். சால் மாதிரி, டாக் மாதிரி.

ஜோஆன் செய்ததைப் பாருங்கள். தூக்கிப் போடவும் இல்லை, விலை பேசவும் இல்லை. பத்திரமாக வைத்திருந்தாள். நம்மால் முடிந்ததும் அதுவே. உங்கள் அம்மா பாடிய கேசட் பரணில் இருந்தால், வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையில் போடாதீர்கள். ஈரத்தில் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதற்குள் கணினியில் ஏற்றி வையுங்கள். பக்கத்து வீட்டில் பாட்டை விட்டவர் இருந்தால், கதவைத் திறந்து வையுங்கள். அவர் வந்தால் கேளுங்கள், வராவிட்டால் மதியுங்கள்.

படம் ஒன்றரை மணி நேரம்தான். போதைமருந்தால் ஒருவர் இறப்பது வருகிறது, பேரப்பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கவனத்தில் வையுங்கள். பார்த்துவிட்டு, எடி போனது சரியா தப்பா என்று கீழே நடைப்பயிற்சியில் என்னைப் பிடித்துச் சண்டை போடலாம். நான் எடி பக்கம்.