இல்லாளும் திருநாளும்



விடுமுறை என்னும் சொல் செவியில் விழுந்ததும் உள்ளம் மகிழாதார் உளரோ? பாடசாலைப் பிள்ளை புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு விளையாட ஓடுகின்றான். அலுவலகத்தில் எழுதுபவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுகின்றார். இலங்கையில் இந்த மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. சைவரும் பௌத்தரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் கூடி வாழும் நாடாதலால், தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும், வெசாக்கும் நத்தாரும், நோன்புப் பெருநாளும் தீபாவளியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றோடு மாதந்தோறும் பூரணை நாளும் விடுமுறையாகின்றது.

விடுமுறை நாளைச் சட்டமே இடம் மாற்றி வைத்த காலமும் இந்நாட்டில் இருந்தது. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் வளர்ச்சி தேய்வைப் பின்பற்றிய போயா நாட்களே வார விடுமுறைகளாக விளங்கின. பாடசாலை நேரசூசி மாறிற்று; அலுவலகம் திறக்கும் நாளும் பூட்டும் நாளும் மாறின. ஆனால், வீட்டில் அடுப்பெரியும் நாள் மாறவில்லை. ஞாயிறு விடுமுறையாயினும், போயா விடுமுறையாயினும், வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பேணும் தாய்க்கு இரண்டும் ஒன்றே. எல்லோரும் வீட்டிலிருக்கும் நாளில் உலையிலிடும் அரிசி ஒரு சுண்டு கூடும். அவள் கண்ட வேறுபாடு அவ்வளவுதான்.

தைப்பொங்கலை எடுத்துக்கொள்வோம். சூரியன் உதிக்கும் வேளையில் புதுப்பானையில் பால் பொங்கி வழிய வேண்டும். குடும்பத் தலைவர் முதற் கை அரிசியை இடுகின்றார். பிள்ளைகள் வெடி கொளுத்துகின்றனர். அந்த ஒரு கணத்திற்கு முன்னால் நிற்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். முற்றம் கூட்டி மெழுக வேண்டும். பயற்றை வறுத்துக் கோது நீக்க வேண்டும். தேங்காய் துருவிப் பால் பிழிய வேண்டும். சர்க்கரையைத் தூளாக்கி, ஏலத்தைப் பொடித்து, அரிசியைக் கல்லின்றி அரித்து வைக்க வேண்டும். இவையெல்லாம் பிறர் துயிலெழுமுன் முடிந்துவிடுகின்றன. படையல் முடிந்து அனைவரும் உண்டு களித்தபின், அடிப்பிடித்த பானை ஒன்று கிணற்றடியில் காத்திருக்கின்றது. அதைத் துலக்கும் கையும் பெரும்பாலும் அதே கைதான்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத் தமிழுலகம் தங்கத் தாத்தா என்று கொண்டாடுகின்றது. 1878ஆம் ஆண்டு பிறந்து 1953ஆம் ஆண்டு மறைந்த அப்புலவர் பெருமான் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாடல், தலைமுறை தலைமுறையாக இலங்கைச் சிறுவர்களின் வாயில் வழங்கி வருகின்றது. விடுமுறை வருகின்றதென்று தோழர்களை அழைத்துக் குதூகலிக்கும் பிள்ளைகளின் குரல் அதில் ஒலிக்கின்றது. பயறு வறுப்பதும், அரிசி இடிப்பதும், கூழ் காய்ச்சுவதும், கொழுக்கட்டை அவிப்பதும் அதே பாடலில் வருகின்றன. பிள்ளைகளுக்கு விடுமுறை, கொழுக்கட்டை அவிப்பவளோ அம்மா. புலவர் தாம் கண்ட வாழ்வை உள்ளவாறே பாடினார்.

இது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்காக வீட்டார் அனைவருக்கும் முன்னெழுபவள் யார்? தானும் நோன்பிருந்துகொண்டே மாலையில் நோன்பு திறக்கக் கஞ்சியும் பலகாரமும் ஆக்கி வைப்பவள் யார்? நத்தார் நள்ளிரவுப் பூசைக்குப் பிள்ளைகளைப் புத்தாடை உடுத்தி அழைத்துச் செல்பவள், திரும்பி வந்ததும் விருந்தினருக்கான சமையலைத் தொடங்குபவள் யார்? தெய்வத்தின் பெயர் வேறுபடினும் அடுப்படி வேறுபடவில்லை.

இவ்வாறு கூறுவதால், அவள் இவ்வேலைகளை வெறுப்போடு செய்கின்றாள் என்று கொள்ளலாகாது. திருநாள் வருகின்றதென்றால் அவளுக்கும் உவகையே. பாட்டி பிசைந்த பக்குவத்தில் அரியதரத்துக்கு மாப் பிசைவதும், மகளுக்குக் கோலத்தின் புள்ளிகளை எண்ணிக் காட்டுவதும் அவளுக்குப் பெருமை தரும் செயல்கள். ஏட்டில் எழுதாத ஒரு கல்வியை அவள் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கின்றாள். ஆகவே, திருநாட்களைக் குறைத்துவிட்டால் தாய்க்கு ஓய்வு கிடைக்கும் என்பது பொருந்தாது. திருநாளும் வேண்டும், அதில் அவளுக்கும் இடம் வேண்டும். அதற்கு வழி என்ன?

வழி அவளது அன்றாட ஒழுங்கிலேயே இருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பு ஏப்ரல் மாத நடுவில் வருகின்றது. அவள் அந்நாளை முன்னே வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகின்றாள். இரண்டு கிழமைக்கு முன் ஒட்டடை அடித்துத் திரைச்சீலைகளைத் தோய்க்க வேண்டும். ஒரு கிழமைக்கு முன் அரிசி ஊறவைத்து இடித்து, மாவை அரித்து வறுத்து வைக்க வேண்டும். பல நாள் கெடாதிருக்கும் முறுக்கையும் பயற்றம் பணியாரத்தையும் முன்கூட்டியே சுடலாம். அரியதரத்துக்குப் பாகு சேர்த்த மா ஓரிரவாவது இருந்து பதமாக வேண்டும். பித்தளை விளக்குகளைப் புளியிட்டுத் துலக்குவதும், கோயிலிலிருந்து மருத்துநீர் வாங்கி வருவதும் முதல் நாளுக்குரியன. எந்த வேலை காத்திருக்கும், எது காத்திராது என்பதை அவள் அறிவாள். பெரிய தொழிற்சாலையை நடத்துபவர்க்கு வேண்டிய அதே அறிவுதான் இது.

ஆயினும் இங்கே ஒரு குறை உண்டு. இந்த ஒழுங்கு முழுவதும் அவள் ஒருத்தியின் மனத்துக்குள்ளேயே இருக்கின்றது. மா வறுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதென்பது வீட்டில் வேறெவர்க்கும் தெரியாது. தெரியாத வேலையில் எவரும் பங்குகொள்ள இயலாது. உதவ மனமுள்ள மகன்கூட, “அம்மா, நான் என்ன செய்ய?” என்று கேட்டுக்கொண்டு நிற்கின்றான். அவனுக்கு விளக்கிச் சொல்வதிலும் தானே செய்துவிடுவது எளிதென்று அவளுக்குத் தோன்றுகின்றது. இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. மகன் வளர்ந்து தந்தையாகின்றான். அடுப்படியின் ஒழுங்கு அவனுக்குப் புதிராகவே இருந்துவிடுகின்றது.

அந்த ஒழுங்கை மனத்திலிருந்து வெளியே எடுத்துச் சுவரில் எழுதி வைத்தால் என்ன? பாடசாலை நேரசூசியைப் போல வீட்டுக்கும் ஒரு நேரசூசி எழுதலாம். இன்ன நாளில் இன்ன வேலை. இன்ன வேலைக்கு இன்னார். ஒட்டடை அடிப்பது தந்தைக்கு. விளக்குத் துலக்குவது மூத்தவனுக்கு. மா அரிப்பது மகளுக்கும் இளையவனுக்கும் சமமாக. பலகாரத்தின் பதம் பார்ப்பது தாய்க்கு. முதலாண்டில் முறுக்கு வளையாது. விளக்கில் புளிக்கறை தங்கும். அதைப் பொறுத்துக்கொள்வது தாயின் பங்கு. கைபழகும் வரை பொறுக்காவிடில், ஆயுள் முழுவதும் தானே செய்ய நேரிடும். அயல் வீட்டில் ஐந்து வகைப் பலகாரம் என்றால் தன் வீட்டில் ஏழு வகை வேண்டும் என்னும் போட்டியையும் அவள் விட்டுவிடலாம். மூன்று வகையாயினும், எல்லோரும் கூடிச் சுட்டதாயின் அதன் சுவையே தனி.

இனி, நன்றி என்னும் பெருங்குணத்துக்கு வருவோம். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தமது நூலின் பதினோராம் அதிகாரமாக வகுத்தார். அவ்வதிகாரம் துறவறவியலில் இல்லை, இல்லறவியலில் இருக்கின்றது. வாழ்க்கைத் துணைநலம் பேசப்படுவதும் அதே இயலில்தான். நன்றியறிதலை முதலிற் பயிலும் இடம் இல்லம் என்பது இதனால் பெறப்படும்.

தமிழர் திருநாட்கள் பல நன்றித் திருநாட்களே. தைப்பொங்கலன்று சூரியனுக்கு நன்றி. மறுநாள் பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு நன்றி. அன்று எருதை ஏரில் பூட்டுவதில்லை. குளிப்பாட்டி, மாலையிட்டு, பொங்கல் ஊட்டுகின்றனர். சரசுவதி பூசையன்று நூல்களும் தொழிற் கருவிகளும் பூசையில் வைக்கப்பட்டு ஓய்வுகொள்கின்றன. உழைத்த பொருளுக்கு ஒரு நாளாவது ஓய்வளித்து வணங்குவதே நன்றி என்னும் உயர்ந்த கருத்து இவ்வழக்கங்களில் அமைந்திருக்கின்றது. எருதுக்கும் ஏட்டுக்கும் அளித்த அந்த ஓய்வை அகப்பை பிடிக்கும் கைக்கு மட்டும் அளிக்க மறந்தோம்.

இன்னும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையில் விரதமிருக்கின்றனர். தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியில் விரதமிருக்கின்றனர். தாயை நினைந்து உருகும் அந்த விரதம் போற்றத்தக்கது. ஆனால், இருக்கும்போது ஒரு நாளும் அடுப்படியைவிட்டு எழுந்து அமர விடாத தாய்க்கு, மறைந்தபின் ஆண்டுதோறும் செலுத்தும் நன்றி முழுமையான நன்றியாகுமா? அவள் செவியால் கேட்கக்கூடிய காலத்தில் சொல்லப்படும் ஒரு சொல்லுக்குள்ள மதிப்பு வேறு.

இல்லத்தரசியின் உழைப்பை மறந்தது நம் வீடுகள் மட்டுமல்ல. உலகக் கணக்கும் மறந்துவிட்டது. நாடுகள் தம் வருமானத்தைக் கணக்கிடுவதற்கென ஐக்கிய நாடுகள் சபை 1953ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டது. வீட்டார் தம் வீட்டிற்காக ஊதியமின்றிச் செய்யும் சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு ஆகியன அக்கணக்கில் சேரவில்லை. பின்வந்த திருத்தங்களிலும் இந்நிலை நீங்கவில்லை. கூலிக்கு ஒருவரை வைத்துச் சமைப்பித்தால் அது நாட்டு வருமானத்தில் சேரும்; அதே சோற்றைத் தாய் சமைத்தால் சேராது. சர்வதேசத் தொழில் தாபனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்காக உலகில் நாளொன்றுக்கு 1,640 கோடி மணித்தியாலங்கள் செலவாகின்றன. அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டது பெண்களின் உழைப்பு.

இவ்வுழைப்பு ஒரு நாள் நின்றால் என்னவாகும் என்பதை வடகடலிலுள்ள ஐஸ்லாந்து நாடு கண்டது. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலகப் பணியையும் வீட்டுப் பணியையும் விட்டு ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டனர். தந்தையர் பிள்ளைகளைத் தம் பணியிடங்களுக்கு அழைத்துச் சென்றனர். எளிதிற் சமைக்கக்கூடிய இறைச்சி வகைகள் கடைகளில் தீர்ந்துபோயின. வானொலியில் செய்தி வாசிக்கப்படுகையில் பின்னணியில் பிள்ளைகள் விளையாடும் ஓசை கேட்டதென்று அந்நாட்டார் இன்றும் நினைவுகூர்வர். மறு ஆண்டே ஆண் பெண் சமத்துவத்துக்கான சட்டம் அங்கு நிறைவேறியது. 1980ஆம் ஆண்டு அந்நாடு ஒரு பெண்மணியைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

நம் தாய்மார் அவ்வாறு வேலையை நிறுத்திக் காட்ட வேண்டும் என்பதன்று கருத்து. அவர்கள் நிறுத்திக் காட்டும் வரை வீட்டார் காத்திருக்கலாகாது என்பதே கருத்து. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திருநாளன்று தாயை முதற்பந்தியில் அமர்த்திப் பிறர் பரிமாறலாம். உண்டபின் இலை எடுப்பதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்மக்களுக்கு என வரையறுக்கலாம். திருநாளுக்கு மறுநாளை அவளது ஓய்வுநாள் என நேரசூசியில் எழுதலாம். அன்று அடுப்பு பிறர் கையில். “சோறு நன்றாயிருந்தது” என்பதோடு நில்லாமல், “நீங்கள் விடியற்காலையிலே எழுந்து மா அரித்ததைக் கண்டேன், அம்மா” என்று பிள்ளை சொல்லப் பழகட்டும். செய்த வேலையைக் கண்டு சொல்லும் நன்றி உள்ளத்தில் தங்கும்.

இவையெல்லாம் திருநாளன்று திடீரென வந்துவிடா. நாள்தோறும் தான் உண்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கும் பிள்ளைதான் பொங்கலன்று பானை துலக்க முன்வருவான். வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுவதில் தாயோடு கைகொடுக்கும் கணவர்தான் வருடப்பிறப்புக்கு முன் கேளாமலே ஒட்டடைக் கோலை எடுப்பார். நன்றியும் விளக்கேற்றுவது போல, முற்றம் கூட்டுவது போல, வீட்டின் அன்றாட ஒழுங்குகளில் ஒன்றாக வேண்டும்.

வரும் பட்டிப்பொங்கலன்று எருதின் கழுத்தில் மாலை விழும் நேரத்தில், பொங்கற் பானையைத் துலக்கி வைத்துவிட்டு அம்மாவைத் திண்ணையில் அமரச் சொல்வது யார் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே பேசி முடிவுசெய்துகொள்வார்களாக.