வெயிலுக்குக் காணி உண்டு, வீட்டுக்கு இல்லையா?

(யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் சோலாருக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், "அபிவிருத்தியைக் குழப்ப வந்தவர்" என்று நாளைக்கு யாரும் எழுதக்கூடாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாடு இது. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் எடுப்போம் என்கிறது அரசாங்கம். எடுக்கட்டும். அதற்குத் தோட்டக் காணி தோதானது என்று கம்பனிகள் பேசுகின்றனவே, அங்கேதான் நமக்கு வழக்கு.

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நாலு ஏக்கர் வேண்டும். பத்து மெகாவாட்டுக்கு நாற்பது. ஏக்கருக்கு 160 பேர்ச். பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள்: 6,400 பேர்ச். நமக்குத் தருவதாக வருசக்கணக்கில் சொல்லும் ஏழு பேர்ச்சால் பிரித்தால் 914 குடும்பம். இப்போது பத்துப் பேர்ச் என்கிறார்கள், சரி, அப்படியும் 640 குடும்பம். வீட்டுக்குக் காணி கேட்டால் அது தேயிலை மலை, இது றப்பர் மலை, இன்னும் அளக்கவில்லை! சோலார் பலகை நடுவதற்கு மட்டும் நாற்பது ஏக்கர் ஒரே துண்டாகக் கிடைத்துவிடுமா? (கைதட்டல்)

காணி கம்பனியின் சொந்தமும் அல்ல. எழுபதுகளில் அரசாங்கம் சுவீகரித்தது, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது, குத்தகை 2045 வரை. இன்னும் இருபது வருசம்கூட இல்லை. பலகையின் ஆயுளோ இருபத்தைந்து வருசம். குத்தகை முடிந்த பிறகு அந்தக் கண்ணாடியையும் இரும்பையும் யார் அள்ளுவது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

கூரையைப் பாருங்கள். வீட்டுக் கூரையில் சோலார் போடுங்கள், மிச்ச மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்று உழையுங்கள் என்று 2016இல் "சூரிய பல சங்கிராமய" திட்டம் வந்தது. கொழும்பில் எத்தனையோ வீடு போட்டது. நாம்? தகரம் நம் தலைக்கு மேலே, உரித்து வேறு யாருக்கோ. வெயிலில் வேகிறவன் ஒருவன், வெயிலை விற்கிறவன் இன்னொருவன்.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்களை நினையுங்கள். 2006இல் போரில் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் காணியில் நிலக்கரி ஆலை என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் அங்கே அமையும் 120 மெகாவாட் சோலார் திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள். நிலக்கரி கறுப்பு, சோலார் பச்சை; காணியை இழந்தவனுக்கு இரண்டும் ஒரே வேலிதான். அதே திருகோணமலையில், முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயலில் சோலார் கம்பனிகள் இறங்கியதை எதிர்த்து மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் 2025இல்தான்.

"மக்களைக் கேட்டுத்தானே செய்கிறோம்" என்பார்கள். எப்படிக் கேட்பார்கள்? கிழமை நாளில், காலை பத்து மணிக்குக் கூட்டம். கொழுந்து மலையில் நிற்கும் அக்கா கூடையை இறக்கிவிட்டு வந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அறிவித்தல் சிங்களத்தில். வாசலில் ஒரு தாள், பேரும் அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும். மேலே தலைப்பு இருக்காது. அந்தத் தாளின் உச்சியில் பிறகு "சம்மதம் தெரிவித்தோர்" என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சட்டத்திலும் ஓட்டை. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டால்தான் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம்; அந்த அறிக்கை வந்தால் 30 நாள் நாம் கருத்துச் சொல்லலாம். குறைந்தால் பொதுவாக அந்த வழி இல்லை. காட்டோரம், மண் அரிக்கும் இடம் என்றால் வேறு கணக்கு. நம் மலை எந்தக் கணக்கு? 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் இறங்கியதை மறந்துவிட்டோமா? பலகைக்காக மரத்தைத் தறித்து, கானை மூடிச் சரிவைச் சமப்படுத்தினால் மழைத்தண்ணீர் எந்த லயத்துக்குள் வரும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒரு தூண்கூட இறங்கக்கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் வீட்டுக் காணிக்கு உறுதி; மிஞ்சிய தரிசில் சோலார். வருமானத்தில் தோட்ட மக்களுக்கு எழுதி வைத்த பங்கு. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, தமிழில். பேசப்போகும் குழுவில் பாதிப்பேர் பெண்கள். சங்கத் தலைவர்மாருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்கான கடிதம் அந்த மேசையில் இருக்கிறது: நம் தோட்டத்தில் எந்த மலை, எத்தனை ஏக்கர், யாருக்கு, எத்தனை வருசத்துக்கு? தங்கச்சி வாசித்துக் காட்டுவார். கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள். அதற்குத் தலைப்பு இருக்கிறது.