பாரமும் பொருத்தும்

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் பாதையில் உள்ளது கெலிஓயா. அதற்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில் எழுந்தது. அதன் மரத்தூண்களின் சிற்பங்களைக் கண்டு வியப்போர் பலர். கூரையை அண்ணாந்து நோக்குவோர் சிலரே. அங்கே 26 கைமரங்களை ஒரே மரமுளை ஒன்றாகப் பிணைத்து நிற்கின்றது. பெரும்பாரத்தையும் நல்ல பொருத்து தாங்கும் என்பதற்கு அதுவே சான்று.

வீட்டுப் பட்டறையில் தளபாடம் செய்வோரும் இதனை அறிவர். ஆணியை மட்டும் நம்பிய நாற்காலி நாளடைவில் ஆட்டங்காணும். துளையிற் கழுந்து இறுகப் பொருந்தியது நெடுங்காலம் உழைக்கும். ஆயினும், இயந்திரத்தை இடம் மாற்றும் வேளையில் அவர்களே தோள்வலியை நம்பிவிடுகின்றனர்.

300 கிலோ இயந்திரத்தின் ஒரு முனையைச் சற்றே உயர்த்த ஏறக்குறைய 150 கிலோ விசை வேண்டும். அலவாங்கைக் குற்றியின்மீது வைத்து, கைப்புற நீளத்தை மறுபுறத்தைப் போற் பத்து மடங்காக்கினால் 15 கிலோ விசையே போதும். பின்னர் அடியில் மூன்று குழாய்களை இட்டு உருட்டலாம்; பின்னே விடுபடும் குழாயை முன்னே இடவேண்டும்.

மலைநாட்டில் வீட்டுவாசல்கள் பல சரிவானவை. அங்கே இறக்குவதே பேராபத்து. கயிற்றை உறுதியான மரத்திற் சுற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் வேண்டும். கீழ்ப்புறம் எவரும் நிற்றலாகாது. சாயும் இயந்திரத்தைத் தாங்கக் கைநீட்டாது விலகுவதே அறிவு. உடைந்த இரும்பை மீண்டும் வார்க்கலாம். தச்சன் விரலை வார்க்கும் உலை எங்கும் இல்லை.