அவர் நம்மைப் பார்த்தாரா?

(‘பெரிய மனிதர்களைப் பற்றிய நினைவுகளில் நெஞ்சில் நிற்பவை – புகழுக்கு முந்தியவையே! புகழோடு கண்டவையே!’ என்ற தலைப்பில் ராஜபாளையத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘முந்தியவையே’ என்ற அணியில் பேசியது.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து எங்களை அன்போடு தாக்கிக்கொண்டிருக்கிற நண்பர்களே! ராஜபாளையத்துப் பெருமக்களே! கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்திருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சொந்தங்களே!

எனக்கு முன்னாலே பேசின அம்மா ஒரு போடு போட்டாங்க. “புகழ் வந்த பிறகு பார்த்தாத்தான்யா அதுக்குப் பேரு பார்வை. அதுக்கு முன்னாலே பார்த்தா அவரு யாரோ, நாம யாரோ”ன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நல்லா தட்டினீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். (சிரிப்பு)

புகழுக்கு முன்னாலே ஒருத்தரைச் சந்திச்சா மறந்துபோகும்னு சொல்றாங்களே, என் அனுபவத்தைச் சொல்றேன். இந்த ஊர்ப் பிரபலம் ஒருத்தர். வெள்ளை வெளேர்னு இருப்பார். மூக்கு மட்டும் ரோஸ் கலர். 2005ஆம் வருஷம் இந்தியத் தபால்துறை அவருக்குத் தபால்தலையே வெளியிட்டது. புரிஞ்சுபோச்சா? ராஜபாளையம் நாய்! (சிரிப்பு) தபால்தலை வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாலேயே எனக்கும் அவருக்கும் நேரடிப் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கெண்டைக்காலைப் பிடிச்சுட்டார். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி! (பலத்த சிரிப்பு) அன்னைக்கு அது என்னை ருசி பார்த்தது. 2005லே நான் அதை நாக்காலே நனைச்சுக் கவர்லே ஒட்டினேன். புகழுக்கு முந்தின சந்திப்பு மறக்குமாங்கய்யா? தழும்பு இருக்கு. அம்மா விரும்பினா கூட்டம் முடிஞ்சதும் காட்டுறேன். (சிரிப்பு, கைதட்டல்)

சரி, சிரிச்சாச்சு. விஷயத்துக்கு வர்றேன். நினைவு, நினைவுன்னு சொல்றோமே, அதுக்கு எத்தனை பேர் வேணும்? ஒரு ஆள் போதும்னு எதிரணி நினைக்குது. நான் அவரைப் பார்த்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு, முடிஞ்சுது. நான் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி. அவர் உங்களைப் பார்த்தாரா?

எங்க அக்கா மகன் ஒருத்தன். மலையடிவாரத்திலே சினிமா படப்பிடிப்புன்னு கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிள்லே பறந்தான். நடிகர் பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கெல்லாம் தெரிஞ்சவர்தான். ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்து, ரெண்டடிக்கு ரெண்டடி கண்ணாடி போட்டு, வீட்டுக் கூடத்திலே மாட்டிட்டான். தாத்தா படத்தை இறக்கிட்டு அந்த ஆணியிலே மாட்டியிருக்கான்! (சிரிப்பு) நான் போய்ப் பார்த்தேன். நடிகர் எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கிறார். “ஏன்டா, அவரு மலையைப் பார்க்கிறாரே?”ன்னேன். அவன் சொல்றான்: “அதனாலே என்ன மாமா, நான் அவரைப் பார்க்கிறேன்ல?” (பலத்த சிரிப்பு) எதிரணியோட வாதம் முழுக்க அந்தப் படத்துக்குள்ளே இருக்குது நடுவர் அவர்களே!

சினிமாவை விடுங்க. உண்மையிலேயே பெரியவரைப் பார்ப்போம். 1934ஆம் வருஷம் ஜனவரி மாசம். காந்தியடிகள் ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டைச் சுத்தி வர்றார். தென்காசிப் பக்கமிருந்து இந்த வழியாத்தான் வந்தார். எங்க பாட்டிக்கு அப்போ பதினாறு வயசு. இடுப்பிலே தம்பியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னிருக்கா. சாகிற வரைக்கும் அந்தக் கதையைச் சொல்லுவா. என்ன பார்த்தேன்னு கேட்டா, “ஒரே புழுதிடா. புழுதிக்கு நடுவுலே வெள்ளையா ஒரு துணி போச்சு. அம்புட்டுத்தான்” என்பாள். கையிலே கிடந்த ஒத்தை வளையலைக் கழற்றிக் குடுத்திருக்கா. வாங்கினது யாரோ ஒரு தொண்டர். ஒருநாள் நான் கேட்டேன், “அவரு உன்னைப் பார்த்தாரா பாட்டி?” கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னா: “அத்தனை சனத்திலே என்னை எங்கடா பார்க்கப் போறாரு?”

அந்த வளையலுக்கு இருக்கிற மதிப்பை நான் குறைக்கலை. அது பெரிய காரியம். ஆனா அந்த நினைவிலே ஒருத்திதான் இருக்கா. எங்க பாட்டி மட்டும்தான் இருக்கா.

இப்போ அதே காந்தியை, நாப்பது வருஷம் பின்னாலே போய்ப் பாருங்க. 1894. தென்னாப்பிரிக்காவிலே டர்பன் நகரம். அங்கே மகாத்மாவும் கிடையாது, தேசப்பிதாவும் கிடையாது. மோகன்தாஸ்னு ஒரு இருபத்தஞ்சு வயசு வக்கீல். தொழில் ஆரம்பிச்சு மூணு நாலு மாசம்தான் ஆச்சு. அவர் ஆபீசுக்குள்ளே ஒரு ஆள் வர்றான். கந்தல் துணி. முன்பல்லு ரெண்டு உடைஞ்சு வாயெல்லாம் ரத்தம். அழுதுகிட்டே, தலைப்பாகையைக் கையிலே எடுத்துக்கிட்டு நடுங்கி நிக்கிறான். யாரு? நம்ம ஆளு! பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாப் போன தமிழன். வெள்ளைக்கார முதலாளி அடிச்ச அடி அது. அவன் பேசின தமிழை ஆபீசிலே இருந்த தமிழ்க் குமாஸ்தாதான் எடுத்துச் சொல்றார்.

அந்த வக்கீல் முதல்லே என்ன பார்த்தார் தெரியுமா? ரத்தத்தைப் பார்த்தார், சரி. டாக்டர்கிட்டே அனுப்பினார், சான்றிதழ் வாங்கினார், மாஜிஸ்திரேட்கிட்டே கூட்டிப் போனார், வேற முதலாளிக்கு ஒப்பந்தத்தை மாத்திக் குடுத்தார். அதெல்லாம் வக்கீல் வேலை. அதுக்கு மேலே ஒண்ணு பார்த்தார். கையிலே இருந்த தலைப்பாகையைப் பார்த்தார். கூலிக்காரன் வெள்ளைக்காரனைப் பார்க்கப் போனா தலைப்பாகையைக் கழற்றணும்னு அங்கே வழக்கம். பாலசுந்தரம் அதே வழக்கத்தை இந்தியன் முன்னாலேயும் காட்டுறான். காந்தி, “தலையிலே கட்டிக்கோ”ங்கிறார். அவன் தயங்கித் தயங்கிக் கட்டிக்கிறான். அப்போ அவன் முகத்திலே ஒரு சந்தோஷம் தெரிஞ்சுது. (கைதட்டல்)

இது யார் சொன்னது? பாலசுந்தரம் சொல்லலை. காந்தியே எழுதினார்! முப்பது வருஷத்துக்கு அப்புறம் சத்திய சோதனையை எழுதும்போது, பேரைச் சொல்லி, தலைப்பாகையைச் சொல்லி, அந்த முகத்தைச் சொல்லி எழுதுறார். உலகம் முழுக்கத் தலைவர்களைப் பார்த்தவருக்கு அந்தக் கூலிக்காரன் முகம் மறக்கலை. அந்த வழக்குக்குப் பிறகுதான் ஒப்பந்தக் கூலிகள் அவரைத் தேடி வர ஆரம்பிச்சாங்க. காந்தியைப் பாலசுந்தரம் பார்த்தார்ங்கிறது பாதிதான்யா. காந்திக்குள்ளே இருந்த காந்தியைக் கிளப்பிவிட்டதே அந்த உடைஞ்ச பல்லுதான்! (பலத்த கைதட்டல்)

டர்பன் வரைக்கும் போயிட்டோம். வண்டியைத் திருப்பி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடுவோம். இங்கே இருந்து பஸ் ஏறினா அரைமணி நேரம். துளசி வனத்திலே ஒரு குழந்தை கிடந்ததா வரலாறு சொல்லுது. அதைத் தூக்கினவர் பூக்கட்டுகிற பெரியாழ்வார். அப்போ அது ஆண்டாள் இல்லே. அழுகிற பிள்ளை, அவ்வளவுதான். பல நூற்றாண்டு கழிச்சு விஜயநகரத்துச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயர், அந்தப் பெண்ணைப் பத்தித் தெலுங்கிலே ஆமுக்தமால்யதான்னு காவியமே பாடினார். எங்க ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா அதைத் தமிழிலே தந்தார். பெரிய நூல்தான், மறுக்கலை. ஆனா ராயர் பார்த்தது கோபுரத்துக்குள்ளே இருக்கிற தெய்வத்தை. பெரியாழ்வார் பார்த்தது மடியிலே கிடந்த மகளை. பெரியாழ்வார் திருமொழியிலே, மகளைப் பறிகொடுத்த தாயோட குரலிலே ஒரு பதிகம் இருக்கு. அது ஆண்டாளை நினைச்சுத்தான் பாடினாரான்னு ஆராய்ச்சிக்காரங்க தயங்குவாங்க. முனைவர் பட்டம் வாங்கினவன் நானும் கொஞ்சம் தயங்கணும். தகப்பனா எனக்குத் தயக்கம் இல்லே. வீட்டிலே பொண்ணைக் கட்டிக்குடுத்தவங்க அந்தப் பதிகத்தை ஒருதரம் படிச்சுப் பாருங்க. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ரெண்டு அம்பு விட்டிருக்கார். அதுக்குப் பதில் சொல்லாமப் போனா ஓடிட்டான்னு சொல்லுவார்.

முதல் அம்பு மகாபாரதம். கூடப் படிச்ச துரோணரைத் துருபதன் ராஜாவான பிறகு மதிக்கலையே, புகழுக்கு முந்தின பழக்கம் என்ன ஆச்சுன்னு கேட்டார். ஐயா, தலைப்பைப் படிங்க! மதிச்சாரா இல்லையாங்கிறது தலைப்பே இல்லே. நினைவு நின்னுச்சா இல்லையாங்கிறதுதான் தலைப்பு. துரோணர் நெஞ்சிலே நின்னுச்சு! நின்னதாலேதான் அர்ச்சுனனை விட்டுத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் சொன்னார். அதே பழக்கம் குசேலனுக்குக் கண்ணன்கிட்டே அவலாச்சு, துரோணருக்குத் துருபதன்கிட்டே அம்பாச்சு. மறந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ரெண்டாவது அம்பு வலிக்கிற அம்பு. 1967. விருதுநகர். “காமராசரைச் சின்னப் பிள்ளையிலே இருந்து பார்த்த ஊர்தானே தோக்கடிச்சுது”ன்னார். 1,285 ஓட்டு வித்தியாசம். எங்க பகுதிக்காரங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தோல்விக்கு அரிசிப் பஞ்சம், 1965 மொழிப் போராட்டம்னு காரணம் நிறைய இருக்கு. அதுக்குள்ளே நான் போகலை. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போடுறேன். அப்போ ஓட்டுப்போட வயசு 21. அந்தத் தேர்தல்லே முதல் ஓட்டுப் போட்டவன் பிறந்தது 1946 வாக்கிலே. காமராசர் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானது எப்போ? 1940லே! அந்தப் பையன் பிறக்கும்போதே அவர் பெரிய தலைவர். மாமா துணிக்கடையிலே துணி கிழிச்ச காமராசரை, கொடியைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா நடந்த தொண்டரை, அவன் எங்கே பார்த்தான்? பையன் பார்த்தது முதலமைச்சரை, அகில இந்தியத் தலைவரை. எதிரணி சொல்ற அதே புகழைத்தான் பார்த்தான்! அது உங்க கணக்கிலே எழுத வேண்டிய செலவுய்யா, எங்க கணக்கிலே எழுதாதீங்க. (பலத்த கைதட்டல்)

அதுமட்டும் இல்லே. புகழைப் பார்த்த நினைவு, புகழ் இருக்கிற வரைக்கும்தான் செலாவணி ஆகும். இந்த ஊர்லேயே இருக்குதே காந்தி கலை மன்றம்! பொருட்காட்சிக்கும் கச்சேரிக்கும் போயிட்டு வர்றோம். அது யார் வீடு? பூ.ச.குமாரசாமி ராஜா. 1949லே இருந்து 1952 வரைக்கும் இந்த மாகாணத்தோட முதலமைச்சர். பின்னாலே ஒரிசாவுக்கு ஆளுநர். தன் வீட்டையே மன்றத்துக்குக் குடுத்தவர். அவர் பதவியிலே இருந்தப்போ “நேத்துத்தான் முதலமைச்சரைப் பார்த்துட்டு வந்தேன்”னு சொன்னவங்க இந்தப் பக்கம் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? நம்ம பிள்ளைகள்கிட்டே இன்னைக்கு அவர் பேரைக் கேட்டா, எந்தத் தெருவுங்கய்யான்னு கேக்குதுங்க. எங்க வகுப்பிலேயே கேட்டிருக்காங்க. அன்னைக்குச் சாயங்காலமே அத்தனை பேரையும் அந்த வாசல்லே கொண்டுபோய் நிறுத்தினேன்.

நடுவர் மணியைத் தடவிக்கிட்டு இருக்காங்க. ஒரே ஒரு ஜோடியைச் சொல்லிட்டு இறங்கிடுறேன். சத்தியமூர்த்தியும் காமராசரும். ஒருத்தர் சட்டம் படிச்சவர், சட்டசபையிலே வாயைத் திறந்தா வெள்ளைக்காரன் நடுங்குவான். இன்னொருத்தர் ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த இளைஞனை, பேரும் புகழும் வர்றதுக்கு முன்னாலேயே சத்தியமூர்த்தி பார்த்தார். 1936லே சத்தியமூர்த்தி மாநிலத் தலைவர், காமராசர் செயலாளர். 1940லே என்ன ஆச்சு? காமராசர் தலைவர், சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளர்! தான் பார்த்து வளர்ந்த பையனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? எங்க கல்லூரிகள்லே துறைத்தலைவர் மாறினா நாற்காலியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க. (பலத்த சிரிப்பு)

1947 ஆகஸ்ட் 15. நாடு முழுக்கக் கொடி ஏறுது. மாநிலக் காங்கிரஸ் தலைவர் காமராசர். அவரைக் கூப்பிடாத மேடை இருந்திருக்குமா? அவர் முதல்லே போனது சத்தியமூர்த்தி வீட்டுக்கு. அங்கே கொடியேற்றிட்டுத்தான் மத்த வேலையைப் பார்த்தார். 1954லே முதலமைச்சரா அலுவலகம் போறதுக்கு முன்னாலேயும் அதே வீட்டுக்குப் போனார். அம்மையாரை வணங்கினார். படத்துக்கு மாலை போட்டார்.

ஆமாங்கய்யா, படத்துக்குத்தான். இந்த ரெண்டு நாளையும் பார்க்கச் சத்தியமூர்த்தி இல்லே. 1943லேயே கண்ணை மூடிட்டார். காமராசர் முதலமைச்சரானதை அவர் பார்க்கவே இல்லே. அவர் பார்த்ததெல்லாம் விருதுநகர்லே இருந்து வந்த ஒரு முரட்டுக் கதர்ச்சட்டைப் பையனைத்தான்.

மணி அடிச்சுட்டாங்க.

(நீண்ட கைதட்டல்)